நத்தை இருக்கும் இடம்

"முடிஞ்சுதுக்கா. பதினோரு இடம். அதுக்கு மேல இந்தக் கரையில அது கிடையவே கிடையாது" என்றார் குணாளன்.

சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஓடில்லாத அந்தக் கடல் நத்தைக்குப் பின்னால் ஆறு வருஷம் பைக்கில் அலைந்தவர். சுண்டுவிரல் நீளம், கறுப்பு உடம்பு, நீல வரி, வரி நெடுக மஞ்சள் பரு. கண்ணை மூடிக்கொண்டே வரைவார். அது எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடம்தான் பாக்கி இருந்தது. அதுவும் இன்று முடிந்துவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்தவள் பிரகாசி. கடலில் பாசி எடுக்கிறவள், அவரைவிட நாலு வயது இளையவள். ஆனாலும், பாறையில் வழுக்கி விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, கடலில் கால் வைக்கக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அவருக்கு அவள் அக்காதான், குருவும்தான். பட்டம் வாங்கித் தந்த பேராசிரியருக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஒன்று மட்டும் உண்டு. எப்படி நடப்பது என்றுதான் அவளிடம் கேட்டிருக்கிறார். நத்தை எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது படித்தவர் வேலையாம்.

நாளைக்குப் படம் ஆபீசுக்குப் போகிறது. நத்தைப் புள்ளி உள்ள இடத்தைத் தொட மாட்டார்கள், புள்ளி இல்லாத இடத்தைத் தோண்டிப் படகுத்துறை கட்டுவார்கள். பிரகாசியும் நாற்பது பெண்களும் பாசி எடுக்கிற பாறைத்திட்டு, படத்தில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

அதைக் காட்டும்போது குணாளனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக, இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியுமா என்று கேட்டார். எழுதக் கூடாது என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

பிறகு, பாறை கீறாமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, வாங்க என்று முன்னே நடந்தாள்.

வழியெல்லாம் சேறு. குணாளன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். அதற்கு மேலும் சேறு வந்ததும் சுருட்டுவதை விட்டுவிட்டார்.

சேறு முடிந்து, தெளிந்த தண்ணீருக்கடியில் திட்டு தெரிந்தது. பிரகாசி குனிந்து ஒரு கல்லைப் புரட்டினாள்.

மஞ்சள் பரு.

ஏதோ ஒன்று வழி தவறி வந்திருக்கும் என்றார் அவர். அவள் கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு அடுத்ததைப் புரட்டினாள். அங்கே இரண்டு.

மூன்றாவது கல்லை அவரே புரட்டினார். அதன் அடியில் நாலு. ஆறு வருஷமும் சேற்றில் போன மாதிரி இருந்தது.

"அப்போ நான் வச்ச பதினோரு புள்ளியும் தப்பாக்கா?"

பிரகாசி துணியை அவிழ்த்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள். மாதா கோயில் வாசல். ஐஸ் கம்பெனி. டீக்கடை வேப்பமரம். கடைசிப் புள்ளிவரை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணும் தப்பில்ல சார். உங்க பைக்கு நிக்கிற இடம் பதினொண்ணையும் சரியாத்தான் போட்டிருக்கீங்க."