கொடி ஏறாத கம்பம்

அந்த மலைகளில் மழை பெய்யாது. பெய்தால் பனிதான். மண்ணும் கல்லுமாகக் கிடக்கும் அந்த உயரத்தில், பனி உருகி வரும் ஓடையை நம்பி ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் பார்லி விளைந்தது. வருஷத்துக்கு ஒரே விளைச்சல். இலையுதிர்காலம் தொடங்கி, வெயில் சுடும்போதே நிழலில் கை விறைத்துப்போகும் நாட்களில் அது அறுப்புக்கு வரும்.

அப்போது ஒரே கேள்விதான் ஊரைப் பிடித்து ஆட்டும். முதல் பனி எப்போது விழும்? முந்தி விழுமென்று பயந்து அறுத்தால் கதிரில் பால்தான் இருக்கும். காய்ந்ததும் பாதி பதராகிவிடும். முற்றட்டும் என்று விட்டுவைத்து, பனி முந்திக்கொண்டால் ஒரு மணிகூட மிஞ்சாது.

இந்தத் தலைவலியை மடாலயத்தின் தலையில் ஊர் கட்டி வைத்திருந்தது. குரு வானத்தைப் பார்த்துவிட்டு மடாலயத்துக் கூரையில் கொடி ஏற்றுவார். மஞ்சள் கொடி ஏறினால் அறு. நீலக் கொடி ஏறினால் பொறு. கொடி ஏறுமுன் யாரும் அரிவாளோடு வயலில் கால் வைக்கக் கூடாது. ஏறிய பிறகு யாரும் மாற்றிச் செய்யவும் கூடாது. அதுதான் வழக்கம்.

அந்த வருஷமும் குரு சுல்திம் கூரைக்கு வந்தார். கையில் கொடி இல்லை.

"எனக்குத் தெரியல," என்றார். "அவங்கவங்க வயலை அவங்கவங்க பார்த்துக்கோங்க."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கீழே நின்ற கூட்டத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "இத்தனை வருஷமா மாவும் வெண்ணெயும் கொண்டுவந்து கொட்டினது இதுக்குத்தானா?" என்று ஒருவர் கத்தினார். யாரோ எறிந்த மண்ணாங்கட்டி மடாலயச் சுவரில் பட்டு உதிர்ந்தது.

அவர்கள் எல்லாரையும்விடப் பெரிய கோபக்காரன் மடாலயத்துக்குள்ளேயே இருந்தான். நோர்பெல், குருவின் சீடன். இருவருக்கும் ஒரே வயது. சின்ன வயதில் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். மனைவி இறந்த பிறகு நோர்பெல் மடாலயம் வந்து சேர்ந்தான், பழைய கூட்டாளியைக் 'குருவே' என்று கூப்பிடவும் பழகிக்கொண்டான்.

போன வருஷம் நீலக் கொடி ஏறியது. ஊரே பொறுத்தது. அந்த வாரமே பனி கொட்டியது. பள்ளத்தாக்கு முழுக்க ஒரு கதிர் தப்பவில்லை. மடாலயம் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டது. அது எத்தனை வாய்க்குக் காணும்? நடுக்குளிரில் நோர்பெலின் தங்கை யாங்டோலுக்குத் தாய்ப்பால் வற்றிப்போனது. அவளுடைய கைக்குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் செத்துப்போனது. அந்தக் கோபத்தை நோர்பெல் வசந்தத்திலும் கோடையிலும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். இன்றைக்கு விழுங்க முடியவில்லை.

அடுக்களைக்குள் பாய்ந்தான். குரு மரக்குடுவையில் வெண்ணெய்த் தேநீர் கடைந்துகொண்டிருந்தார்.

"என்ன காரியம் செஞ்சீங்க குருவே?"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னேன்."

"போன வருஷம் மட்டும் தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"இல்ல."

நோர்பெல் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. மழுப்புவார், வினை என்பார், விதி என்பார் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். குடுவையை எட்டி ஒரு உதை விட்டான். தேநீர் தரையெல்லாம் ஓடியது.

"தெரியாமலா ஏத்தின? என் தங்கச்சி பிள்ளையை வாரிக் கொடுத்தாளே! நீதான்டா அதைக் கொன்ன!"

குருவே என்பதும் போயிற்று, மரியாதையும் போயிற்று. ஆடு மேய்த்த காலத்துச் சண்டைக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"ஆமா," என்றார் குரு.

"இந்த ஆமாவை நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

குரு கவிழ்ந்த குடுவையை நிமிர்த்தி வைத்தார்.

"அவளுக்கு இன்னொரு பிள்ளை இருக்கு. இந்தக் குளிர்காலத்துல அதுக்கு என்ன கதி? அறுன்னு சொல்லு, இல்ல பொறுன்னு சொல்லு. இப்படி எல்லாரையும் அந்தரத்துல விட்டுட்டு வந்து தேநீர் கடையுறியே!"

"எதைச் சொல்லணும்?"

"ஏதாவது ஒண்ணு! மேல கொடி இல்லாம அவங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

குரு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மூலையிலிருந்த பெட்டியைத் திறந்து, மஞ்சளும் நீலமுமாக இரண்டு கொடிகளையும் எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நீ ஏத்து."

"நானா?"

"நீயும் இந்த வானத்துக்குக் கீழதானே வளர்ந்த. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரியும். எதை ஏத்தினாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன்."

"ஏத்தறேன். உன்னை மாதிரி கோழைன்னு நினைச்சியா?"

நோர்பெல் இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கூரைக்கு ஏறினான்.

மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. மேற்குச் சிகரத்தில் மட்டும் கிழிந்த துணிபோல ஒரு மேகம். சரிவில் காட்டு ஆடுகள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கி மேய்ந்தன. அப்படியென்றால் பனி பக்கத்தில் இருக்கிறது. ஓடைச் சேற்றில் நாரைகள் இன்னும் ஊரைவிட்டுப் போகாமல் நின்றன. அப்படியென்றால் பனி தூரத்தில் இருக்கிறது. ஆடு ஒன்று சொன்னது, நாரை வேறொன்று சொன்னது. நோர்பெல் இரண்டையும் திட்டினான். அந்த மேகத்தையும் சேர்த்துத் திட்டினான்.

பிறகு மஞ்சள் கொடியை எடுத்து அதன் ஒரு முனையைக் கம்பத்துக் கயிற்றில் முடிந்தான். முடிந்துகொண்டே கீழே பார்த்தான்.

ஓடைக்கரை வயல்கள் நன்றாகப் பழுத்திருந்தன. அங்கே சிலர் "கொடியாவது மண்ணாவது" என்று ஆத்திரத்தோடு அறுக்கத் தொடங்கியிருந்தார்கள். மேட்டு வயல்கள் இன்னும் பச்சை. அந்த வயல்காரர்கள் வரப்பில் உட்கார்ந்து மடாலயத்தைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் ஏறினால் இவர்கள் பால்கதிரை அறுத்தாக வேண்டும். நீலம் ஏறினால் அவர்கள் பழுத்த கதிரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

யாரோ அவனைக் கம்பத்தடியில் பார்த்துவிட்டார்கள். "கொடி! கொடி ஏறுது!"

அறுத்துக்கொண்டிருந்த அரிவாள்கள் நின்றன. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். இவ்வளவு நேரம் ஏசிய வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. பள்ளத்தாக்கே அவன் கையைப் பார்த்தது.

மடாலயத்தை ஒட்டிய சரிவில்தான் யாங்டோலின் வயல். கீழ்ப்பாதி மஞ்சள், மேல்பாதி பச்சை. அவள் நடுவில் அரிவாளோடு நின்றாள். முதுகில் மூத்த பிள்ளையைக் கட்டியிருந்தாள்.

"அண்ணே! நீயா? நல்லதாப் போச்சு. சொல்லுண்ணே, அறுக்கவா, விடவா?"

நோர்பெலின் விரல்கள் முடிச்சின் மேலேயே நின்றன. மஞ்சள் என்று சொல்லத்தான் நினைத்தான். காற்றில் கொடியின் மறுமுனை படபடத்து அவன் முகத்தில் அடித்தது.

"அண்ணே!"

அவன் முடிச்சை அவிழ்த்தான்.

"தெரியல, யாங்டோல்."

"என்னது?"

"எனக்குத் தெரியலம்மா!"

அவள் வெடித்தாள். "நீயுமா? அந்த மனுஷனை நம்பி நான் பட்டது போதாதா? ரெண்டு பேரும் சேர்ந்து மேல உட்கார்ந்து என்ன புடுங்குறீங்க? நாசமாப் போங்க!"

கையில் அகப்பட்ட கல்லை எடுத்து அவனை நோக்கி வீசினாள். அது பாதி தூரம்கூட வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வயலின் மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கதிரை ஒடித்து நகத்தால் நசுக்கினாள். அப்புறம் கீழ்க்கோடிக்குப் போய்க் குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். பச்சை தொடங்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுக் கட்டு கட்டப் போனாள்.

அவள் கூரைப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் அவரவர் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். மறுபடி ஏச்சு தொடங்கியது. இந்தத் தடவை அதில் நோர்பெலின் பெயரும் இருந்தது.

அவன் இறங்கி வந்தபோது குரு முழங்காலிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோர்பெல் இரண்டு கொடிகளையும் அவர் முன்னால் எறிந்தான். கோபம் ஆறவில்லை. ஆனால் அது யார் மேல் என்றுதான் அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"ஊரே என் கையைப் பார்த்துச்சு," என்றான். "என் தங்கச்சியும் பார்த்தா."

குரு துணியைப் பிழிந்தார்.

"கை நடுங்கிடுச்சு. ஏத்த முடியல."

"ம்."

"போன வருஷம் உனக்கும் இப்படித்தான் நடுங்குச்சா?"

குரு தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"நடுங்குச்சு," என்றார். "ஆனா நான் ஏத்திட்டேன்."