அவசரமில்லாதவர்களுக்கு மட்டும்

ஒரு வேன், அதில் ஒரே ஒரு காலி இடம், அந்த இடத்துக்கு மூன்று பேர். சிக்கல் இவ்வளவுதான். இதை அவிழ்க்கத் தெரியாமல் ஒரு மார்கழி வியாழக்கிழமை காலையில், ஊருக்குப் பாதை பிரியும் பாறைக்குளம் விலக்கில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான் மாசிலாமணி. நீங்களும் கொஞ்சம் அவன் பக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

மாசிலாமணி ஓர் அறக்கட்டளையின் வேன் ஓட்டுகிறவன். திங்களும் வியாழனும், டாக்டர் தேதி குறித்துக் கொடுத்தவர்களை மலையடிவாரத்து ஊர்களிலிருந்து டவுன் பெரியாஸ்பத்திரிக்கு இலவசமாகக் கொண்டுபோய், சாயங்காலம் வீட்டில் விடுவான். போன ஐப்பசியில், நெஞ்சுவலி என்று துடித்த ஒருவரைப் பாவம் பார்த்து அந்த வேனிலேயே ஏற்றிக்கொண்டான். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வேனில் இருந்ததெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர். கேட் திறப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் அந்தக் கேட்டைத் தாண்டும்போது மாசிலாமணி ஒருமுறை பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொள்வான்.

அறக்கட்டளைச் செயலாளர் அவனைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். அவசர நோயாளி என்றால் 108-ஐக் கூப்பிடு. அதில் ஆக்சிஜன் இருக்கிறது, துணைக்கும் ஓர் ஆளை ஏற்றிக்கொள்வார்கள். நம் வேன் தேதி வாங்கியவர்களுக்கு. மாசிலாமணியும் சத்தியம் செய்து கொடுத்தான். இதை வேன் கதவில் எழுதிவைக்க ஏற்பாடாயிற்று. பெயிண்டருக்குக் கதவில் இடம் போதவில்லை. மனுஷன் சுருக்கிவிட்டார்: ‘அவசரமில்லாதவர்களுக்கு மட்டும் இலவசம்.’

வந்தது வினை. அவசரம் என்று வாய் தவறிச் சொன்னால் வேனில் ஏற்ற மாட்டார்கள் என்று ஊர் ஊராகப் பேச்சுப் பரவிவிட்டது.

அன்று காலை, ஏழு பேர் உட்காரும் வேனில் ஆறு பேர் முந்தின ஊர்களிலேயே ஏறியிருந்தார்கள். ஆறு பேர் கையிலும் அன்றைய தேதிச் சீட்டு. விலக்கில் நின்ற மூன்று பேர் கையிலும் அதே.

முதலில் வந்து நின்றவர் கோமதியம்மாள், பீடி சுற்றுகிறவர். கண்ணில் புரை. இலையின் ஓரம் தெரியாமல் வெட்டுவதால், கடையில் பாதிப் பீடியைக் கழித்துப் போடுகிறார்கள். இரண்டு மாதம் காத்திருந்து ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறார். டவுனில் இருக்கும் மகள் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள்.

“எனக்கு ஒரு அவசரமும் இல்லய்யா. இந்தக் கண்ணு ரெண்டு வருசமா இப்படித்தான் கெடக்கு” என்றார்.

இரண்டாவது பாத்திமுத்து. சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர். செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்திருந்தார். பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

“எப்பமும் எங்க அண்ணன் மவன் பைக்குல போவேன். பைக்கு ரிப்பேரு. திங்கக்கிழமையும் போவல. ஆனா அவசரம்லாம் ஒண்ணும் இல்ல தம்பி” என்றார்.

மூன்றாமவர் அருணாசலம், தனிக்கட்டை. பனிக்கு இரண்டு பெண்களும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டிருக்க, இவருடைய சட்டை மட்டும் வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கையால் இடது கையை நீவிக்கொண்டே இருந்தார்.

“பிரஷர் மாத்திரை வாங்கத்தான் போறேன். காலையிலேருந்து கொஞ்சம் வாயு, நெஞ்ச அடைக்கி. அவசரம் இல்லப்பா, மெதுவாவே ஓட்டு” என்றார்.

மாசிலாமணி கதவில் எழுதியிருந்ததைப் படித்தான். மறுபடியும் படித்தான். மூன்று பேருக்கும் அவசரமில்லை. அப்படியானால் யாருடைய ‘இல்லை’ பெரிய ‘இல்லை’? நிஜமாகவே அவசரமில்லாதவரை ஏற்றுவதென்றால், அவர் அடுத்த வாரம் போனால்தான் என்ன? அவசரம் உள்ளவரை ஏற்றுவதென்றால், கொடுத்த சத்தியம் என்னாவது? முதலில் வந்தவர் என்று பார்த்தால் கோமதியம்மாள். ஆனால் அந்த வீங்கின பாதத்தைப் பார்த்த பிறகு எப்படிக் கதவைச் சாத்துவது?

“உண்மையச் சொல்லுங்க. யாருக்கு அவசரம்?” என்று கேட்டான். மூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். “சரி, யாருக்கு அவசரம் இல்ல?” என்றான். மூன்று பேரும் ஒரே குரலில், “எனக்கு” என்றார்கள். பாவம், அவனுக்குக் கிறுகிறுத்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வேனில் யாரை ஏற்றுவது சரி? மற்ற இரண்டு பேரையும் என்ன செய்வது?

விடை: கதவில் இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு, அது எழுதப்பட்ட காரணத்தைப் பாருங்கள். பனியில் வேர்ப்பதும், நெஞ்சை அடைப்பதும், இடது கையில் நோவதும் வாயு இல்லை. அருணாசலத்துக்கு வேண்டியது வேன் அல்ல, 108. காலி இடம் பாத்திமுத்துவுக்கு. அவருக்கு இன்றைக்கு அவசரமில்லை என்றாலும், இன்றும் போகாவிட்டால் நாளைக்கு அவருக்கே 108 வேண்டியிருக்கும். அருணாசலத்துக்குத் துணை கிடையாது. ஆகவே துணையாகக் கோமதியம்மாள் அந்த 108-இல் ஏறிக்கொள்ளலாம். போகிற இடம் அதே பெரியாஸ்பத்திரிதான். திரும்பத் திரும்பக் கையை நீவிய அருணாசலத்தைப் பார்த்தபோது மாசிலாமணிக்கு ஐப்பசியில் வேனில் துடித்தவர் ஞாபகம் வந்தது. இப்படியேதான் செய்தான்.

அடுத்த திங்கள் கறுப்புக் கண்ணாடியோடு வேனில் ஏறினார் கோமதியம்மாள். “மூணு பேர்ல உண்மையச் சொன்னது நான் ஒருத்திதான். அவசரமே இல்லாத என்னத்தான்யா சைரன் போட்டுக் கூட்டிட்டுப் போனாவ” என்றார். அருணாசலம் பிழைத்துவிட்டார் என்றும், வார்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்றும் சொன்னார்.

மாசிலாமணி வண்டியை எடுக்காமல், “ரயில்வே கேட்டு?” என்று கேட்டான்.

“மூடித்தான் கெடந்துச்சு. ஆனா அந்த மனுசனுக்கு மூக்குல காத்து போய்க்கிட்டே இருந்துச்சு” என்றார் கோமதியம்மாள்.