ஓர் அண்டாக் கடல்

வெகுகாலத்துக்கு முன்பு, கடலுக்கு நாற்பது நாள் நடைதூரத்தில் இருந்த செம்பாறை நாட்டை விசயமார்த்தாண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தது உடனே நடந்தாக வேண்டும் அவருக்கு. ஒரு நாள் அரண்மனை அரங்கில் கப்பல் கவிழும் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்துவிட்டார்.

“கடல் எங்கே? ஒரு வாரத்தில் எனக்கு இங்கே கடல் தெரிய வேண்டும். இல்லையென்றால் இந்த இடம் யானைக்கொட்டடி ஆகிவிடும்.”

அரங்கத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத பன்னிரண்டு நடிகர்களும், விளக்கேற்றும் மாசிலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பண்டசாலை அதிகாரி சிங்காரவேள் முந்திக்கொண்டார். நாற்பது வண்டி மணல், நீலம் பூசிய பலகைகள், பொன்முலாம் பூசிய மீன்கள் என்று மேடையை நிரப்பினார். ராஜா பார்த்தார். கொட்டாவி விட்டார். “நல்ல பலகை” என்றார்.

“நான் முயலட்டுமா மகாராஜா?” என்றாள் மாசிலா.

ராஜா தலையசைத்தார். சிங்காரவேளுக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய்க் கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “விளக்கில்லாத விளக்குக்காரி என்ன செய்கிறாள் பார்ப்போம்.”

“எண்ணெய் வேண்டாம் ஐயா. குளியலறை அண்டாவும் ஒரு பித்தளைத் தாம்பாளமும் கொடுங்கள். மகாராஜா உச்சி வெயிலில் வரட்டும்.”

மறுநாள் சபையோடு வெயிலிலிருந்து உள்ளே வந்த ராஜாவுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கதவு, சன்னல் எல்லாம் பாயால் மூடியிருந்தன. கூரையில் ஓர் ஓடு மட்டும் விலகியிருந்தது. அதன் நேர் கீழே, மேடை மறைவில், நீர் நிறைந்த அண்டா. நீருக்குள் தாம்பாளம்.

மாசிலா நீரில் ஒரு விரலை வைத்தாள்.

விதானமெங்கும் வெளிச்சம் நெளிந்தது. விரல் வேகமாக அசைய, நான்கு சுவரும் அலையாயின. நடிகன் ஒருவன், “கரை தெரியலையே” என்று மெல்லச் சொன்னான். மாசிலா தாம்பாளத்தைச் சாய்த்தாள். அலை சுவரிலிருந்து இறங்கித் தரையில் ஊர்ந்து சிம்மாசனத்தை நோக்கி வந்தது.

ராஜா இரண்டு கால்களையும் தூக்கிச் சிம்மாசனத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

ராஜா மெல்லக் குனிந்து தரையைத் தொட்டார். காய்ந்திருந்தது. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெறும் வெயிலும் தண்ணீரும்தான் மகாராஜா. ஏமாற்று வேலை” என்றார் சிங்காரவேள்.

ராஜா திரும்பிப் பார்த்தார். “அப்படியா? முதலில் பட்டு வேட்டியைக் கீழே இறக்கிவிட்டுச் சொல்லும்.”

சிங்காரவேள் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்திருந்தார். சபை சிரித்தது. சிங்காரவேள் வேட்டியை இறக்கினார். ராஜா கை நீட்டியதும் இடுப்புச் சாவியையும் எடுத்துக் கொடுத்தார். அது மாசிலாவின் கைக்குப் போயிற்று.

“யானைக்கு வேறு இடம் பாருங்கள்” என்றார் ராஜா. பிறகு அவளை அருகே அழைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

“எல்லாம் சரி. என் உதட்டில் உப்புக் கரிக்கிறதே, அதை எங்கிருந்து கொண்டுவந்தாய்?”

“அதை நான் கொண்டுவரவில்லை மகாராஜா” என்றாள் மாசிலா, அவருடைய நனைந்த கன்னத்தைப் பார்த்தபடி.