வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம்

கொல்லிமலை அடிவாரத்தில், மண் ரோட்டிலிருந்து கொஞ்சம் மேடேறிப் போனால் ஒரு சிறிய மடம். அதன் குரு அருணந்திச் சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. துறவுக்கு முன்னால் லாரி ஓட்டியவர். சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து நான்கு. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவைச் "சாமி" என்பார், குரு சீடரைப் "பெரியவரே" என்பார். இதனால் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

தணிகாசலம் மடத்துக்கு வரும்போது தன் காரிலேயே வந்தார். வந்த பிறகு அதற்குப் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் அவர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். துடைப்பார், பளபளப்பாக்குவார், உறை போட்டு மூடுவார். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பார். வெளியே எடுத்தால் புழுதி படியுமே என்று கவலை.

காரை அணைத்த கையோடு முசிறியில் இருக்கும் தங்கை வடிவுக்குப் போன் போடுவார். அதுவும் ஐந்து நிமிடம்தான். அங்கே மழை உண்டா, முட்டிவலி எப்படி, சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

இருவருக்கும் நடுவில் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. வடிவு புதுவீடு கட்டிக் குடிபோனபோது அண்ணனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாள். கூடப்பிறந்தவனை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டாமா? தணிகாசலம் முறுக்கிக்கொண்டு போகவில்லை. பிறந்த வீட்டுச் சீரோடு அண்ணன் வருவான் என்று அவள் பந்தி முடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒன்பது வருடமாகிவிட்டது. அந்த வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, போன் பேச்சு ஒரு நிமிடத்திலேயே முடிந்துபோயிற்று. தணிகாசலம் நேரே குருவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஒரு வாரம்கூட விட்டதில்லீங்க சாமி. இருந்தும் பேச்சு வத்திக்கிட்டே வருது. இன்னைக்கு அவ, 'அப்புறம்ணே'ன்னா. எனக்குச் சொல்ல ஒண்ணுமே தோணல. நான் என்ன குறை வச்சேன்?"

குருவுக்கு இந்தப் பெரியவர்மேல் கொள்ளைப் பிரியம்.

"வண்டியை எடுங்க," என்றார்.

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போய் உறையை மடித்து வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒருமுறை முனகியது. மறுபடி திருப்பினார். முனகல்கூட இல்லை.

"காலையிலகூடப் போட்டேனுங்களே. வாராவாரம் போடுறேனே."

"ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணவும் பேட்டரி நிறையக் குடுக்குது. அஞ்சு நிமிசத்துல திரும்ப ஏறுறது கொஞ்சம்தான். ரோட்டுல இறங்கி ஒரு மணி நேரம் ஓடினாத்தான் போனது வந்து சேரும்."

குரு காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் போய் நின்றார். கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் வைக்கச் சொன்னார். தான் குரல் கொடுத்ததும் காலை எடுத்தால் போதும் என்றார்.

குருவைத் தள்ள வைத்துவிட்டுச் சீடன் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதா என்று தணிகாசலம் இறங்கப் போனார். ஒரு அதட்டலில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வண்டி சரிவில் அசைந்தது. நின்றே பழகிய டயர்கள் தடக் தடக் என்று உருண்டன. "விடுங்க," என்று குரல் வந்தது. காலை எடுத்தார். கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உயிர் பிடித்தது.

மண் ரோட்டுக்கு வந்து நிறுத்தினார். குரு மூச்சு வாங்க இறங்கி வந்தார். உடம்பெல்லாம் புழுதி. அணைத்துவிட வேண்டாம் என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டினார்.

"எங்கீங்க சாமி போறது?"

"முசிறி எவ்வளவு தூரம்?"

தணிகாசலத்தின் பிடி ஸ்டியரிங்கில் இறுகியது.

"அம்பது கிலோமீட்டர் இருக்கும். ஆனா அவ ஒரு தடவைகூட வான்னு சொல்லலீங்களே."

குரு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"கூப்பிடாத வீட்டு வாசல்ல போய் நின்னு நான் என்னன்னு சொல்றது?" என்றார் தணிகாசலம்.

"வண்டி தள்ள ஆள் வேணும்னு சொல்லுங்க."

கண்ணில் நீர் நிற்கும்போதே தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு மணி நேரம் ஓடினா பேட்டரி ஏறிரும்னு நீங்கதானே சொன்னீங்க? அங்க போனப்புறம் தள்ள வேண்டியிருக்காதுங்களே."

"அதை நாளைக்குக் காலையில அங்கிருந்து கிளம்புறப்போ பாத்துக்கலாம் பெரியவரே," என்றார் குரு.