திறந்தவர் மூட வேண்டும்

“நான் எழுதினது சரியாத்தான் சார் ஓடுது. கப்பல்தான் தெரியமாட்டேங்குது.”

இசக்கியப்பன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பெனிட்டா இதைச் சொல்லிவிட்டாள்.

மணி பன்னிரண்டு. தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் இடம்.

கற்றுத்தருகிற இசக்கியப்பனுக்கு வயது முப்பத்தொன்று. கற்றுக்கொள்ள வரும் பெனிட்டாவுக்கு நாற்பத்து நான்கு. மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சேர்ந்தவள். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை சார் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

இசக்கியப்பனை ஞானி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத மனிதர். பாதி நேரம் பதிலே வராது. கையில் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நிற்பார்.

அவர் வகுப்பில் விதி என்று இருப்பது ஒன்றுதான். திறந்தவர் மூட வேண்டும்.

முன்பு யாரோ தன் மெயிலைத் திறந்தபடியே விட்டுப் போய் அது பெரிய வம்பாகிவிட்டது. அன்றிலிருந்து, திறந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மூடிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் மூட வழி இருக்கிறது. அங்கே அதற்கு அனுமதி இல்லை.

பெனிட்டாவுக்கு இந்த விதியைக் கண்டாலே எரிச்சல்.

இன்று அவளுக்கு எரிச்சல்படக்கூட நேரமில்லை.

அவள் புருஷன் செலஸ்டின் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். கப்பலின் பெயர் ப்ளூ ஹெரான். அரபிக்கடலில் புயல். முந்தாநாள் மாலை ஆறு நாற்பதுக்குப் பிறகு கப்பலில் இருந்து ஒரு தகவலும் இல்லை. வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட், தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார். நேற்றும் அதையேதான் சொன்னார்.

கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டுகிற இணையப் பக்கம் ஒன்று உண்டு. கப்பலின் பெயர், இருக்கும் இடம், வேகம், கடைசியாகத் தகவல் வந்த நேரம். இலவசமாகக் கிடைக்கும் பக்கம், அதனால் மெதுவாகத்தான் வரும். ஒரு முறை திறந்தால் முழுதாய்த் தெரிய ஒன்றரை நிமிஷம் ஆகும்.

“காலைல எட்டு மணிக்கே வந்துட்டேன் சார். கீழ கடையில சாவி வாங்கித் திறந்தேன். கையாலயே திறந்து திறந்து பாத்தேன். முந்தாநாள், முந்தாநாள், முந்தாநாள்னே காட்டுச்சு. கை வலிக்குன்னு பத்து மணிக்கு புரோகிராம் எழுதிட்டேன். அதுவே திறக்கும். நிமிஷத்துக்கு ஒருக்க.”

“ம்.”

“நிமிஷத்துக்கு ஒருக்கன்னா என்னால தாங்க முடியல. பதினொண்ணு பத்துக்கு இருபது விநாடின்னு மாத்திட்டேன்.”

இசக்கியப்பன் திரையைப் பார்த்தார்.

பிரவுசரில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. வெள்ளையாகவே நின்றது. அதற்குள் அடுத்த வெள்ளைப் பக்கம் வந்து முன்னால் நின்றது. மேலே டேப்புகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, பெயர் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போய்க் கிடந்தன.

“எத்தன திறந்திருக்கு?”

“எண்ணல சார். இருநூறுக்கு மேல இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் புரோகிராம் ‘திறந்தாச்சு’ன்னு சொல்லுது. இந்தா பாருங்க. திறந்தாச்சு, திறந்தாச்சு. பொய் சொல்லுதா சார்?”

“இல்லக்கா. பிரவுசர் கையில குடுத்தாச்சுன்னு சொல்லுது. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“அப்ப பக்கம் வந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?”

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினார். புரோகிராம் நின்றது.

“ஐயோ, நிறுத்தாதீங்க சார்!”

அவள் நாற்காலியில் இருந்தே எழுந்துவிட்டாள். அந்தப் புரோகிராம் ஓடுகிற வரை கப்பலும் ஓடும் என்று எப்படியோ அவள் மனசு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. படித்தவள்தான். பயத்துக்குப் படிப்பெல்லாம் தெரியாது.

“இந்த நேரம் பாத்து தகவல் வந்தா? நான் திறக்காம இருக்கப்ப வந்தா?”

“உக்காருங்கக்கா.”

“போனயும் தொடல சார். ஏஜெண்ட் கூப்பிட்டா லைன் கிடைக்கணும்ல. அதனாலதான் இதுலயே பாத்துட்டு இருக்கேன்.”

மேசை மேல் போன் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஜெபமாலை.

“சார், நான் என்ன செய்ய? அத மட்டும் சொல்லுங்க.”

இசக்கியப்பன் சட்டைப் பையில் இருந்து சாக்பீஸை எடுத்தார். உருட்டினார். வெகுநேரம் உருட்டினார்.

“மூடுங்க” என்றார்.

“எத?”

“நீங்க திறந்தத. ஒவ்வொண்ணா.”

பெனிட்டாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “இன்னைக்குமா சார்? அவுக உயிரோட இருக்காகளா இல்லையான்னு தெரியாம நான் கிடக்கேன். ஒங்களுக்கு ஒங்க விதியா?”

“மூடும்போது அதுல என்ன இருக்குன்னு சத்தமா வாசிங்க.”

மேலே ஒரு வார்த்தை அவரிடமிருந்து வராது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கடைசியாகத் திறந்ததில் இருந்து ஆரம்பித்தாள்.

“வெள்ளை.”

மூடினாள்.

“வெள்ளை.”

“வெள்ளை.”

அதற்கு அடுத்ததில் எழுத்து இருந்தது.

“தளம் பதில் தரவில்லை.”

“ம்.”

“தளம் பதில் தரவில்லை.”

“இருபது விநாடிக்கு ஒருக்க போய்க் கேட்டா அவங்களும் என்ன செய்வாங்க” என்றார் இசக்கியப்பன். “இந்தாளு தொல்லைன்னு வெளிய தள்ளிருவாங்க.”

“நானா? நானேவா என்ன வெளிய தள்ளிக்கிட்டேன்?”

“வாசிங்கக்கா.”

“தளம் பதில் தரவில்லை.”

முப்பதாவது பக்கத்தில் அவள் குரலில் இருந்த கோபம் போய்விட்டது. ஐம்பதாவது பக்கத்தில் அது ஜெபமாலை சொல்கிற குரலாக ஆகிவிட்டது. அவள் ஒரு வரி வாசிப்பாள், இசக்கியப்பன் ‘ம்’ என்பார். மின்விசிறி கிறீச்சிட்டது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

போன் அடிக்கவில்லை.

நூறு தாண்டியது. நூற்று இருபது. நூற்று நாற்பது.

அவள் கை நின்றது.

“என்னக்கா?”

“டேப்புல பேரு மாறிட்டு சார். அடுத்ததுல ப்ளூ ஹெரான்னு வருது.”

“ம்.”

“அது முழுசா வந்த பக்கம் சார். வெளிய தள்ளுறதுக்கு முன்னால திறந்தது. வெள்ளைக்குப் பின்னாலேயே இருந்து மெதுவா வந்து சேந்திருக்கு. நான்தான் அடுத்தது அடுத்ததுன்னு...”

முன்னால் நின்றது இன்னும் ஒரு காலிப் பக்கம்.

“இத மூடுங்க. அது தானா முன்னால வரும்.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“முந்தாநாள்னே இருந்தா?” அவள் கையை மவுஸில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “வெள்ளையா வந்தப்ப ஒண்ணும் தெரியல. தெரியலன்னா இருக்காகன்னு நினைச்சுக்கலாம். காலைல கையால பாத்தப்ப ஒவ்வொரு தடவையும் அந்த முந்தாநாள் கண்ணுல பட்டுச்சு சார். புரோகிராம் எழுதின பிறகு கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. எதுவும் தெரியாம திறந்துட்டே இருந்துச்சுல்லா, அதான்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. இசக்கியப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க மூடுதீங்களா?”

“திறந்தது யாரு?”

அவள் மடியில் இருந்த கையை எடுத்து மறுபடி மவுஸில் வைத்தாள்.

“மாதாவே” என்றாள் பெனிட்டா. முன்னால் நின்ற பக்கத்தை மூடினாள்.

ப்ளூ ஹெரான் வந்தது.

அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு திறந்தாள். வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தாள்.

“கப்பல், ப்ளூ ஹெரான். வேகம்...” நின்றது குரல். “வேகம் ஒன்பது நாட்.”

“ம்?”

“காலைல பாத்த முந்தாநாள் பக்கத்துல பன்னெண்டுன்னு இருந்துச்சு சார். இது ஒன்பது. வேற நம்பர் இது.”

“நேரம் வாசிங்க.”

“கடைசியாகத் தகவல் வந்த நேரம்...”

அவள் விரலைத் திரையில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி வாசித்தாள்.

“இன்று. காலை பதினொன்று நாலு.”

இன்னொரு முறை வாசித்தாள். மூன்றாவது முறை வாசிக்கும்போது வாய் கோணிக்கொண்டது. மேசையில் தலையைச் சாய்த்து, ஜெபமாலை கன்னத்தில் அழுந்த, பெரிய சத்தமாக அழுதாள். அடக்கவே இல்லை.

இசக்கியப்பன் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். பார்க்க அங்கே எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது.

போன் அடித்தது. ஏஜெண்ட். கப்பலோடு பேசிவிட்டார்களாம். ஆன்டெனா ஒடிந்து சரிசெய்தார்களாம். எல்லாரும் நலமாம். ‘சரிங்க, சரிங்க’ என்று சொல்லி வைத்தாள். அந்தச் செய்தியை அவளுக்கு முதலில் சொன்னவர் தான்தான் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார்.

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது.

“பதினொண்ணு நாலு” என்றாள். “நான் இருபது விநாடின்னு மாத்துறதுக்கு ஆறு நிமிஷம் முந்தி. அப்பவே வந்துட்டு சார். இவ்வளவு நேரமும் எங்கிட்டதான் இருந்திருக்கு.”

“ம்.”

“ஒங்களுக்குத் தெரியும். உள்ள இது இருக்கும்னு தெரிஞ்சுதான மூடச் சொன்னீங்க?”

இசக்கியப்பன் ஜன்னலில் இருந்து திரும்பினார். அவர் கையில் சாக்பீஸ் இல்லை. விரல் முழுக்க வெள்ளைத் தூள். எப்போது நசுக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“தெரியாதுக்கா” என்றார். “நீங்க என்ன செய்யன்னு கேட்டீங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. தெரிஞ்ச ஒண்ணச் சொன்னேன்.”

பெனிட்டா அவர் விரலைப் பார்த்தாள்.

பிறகு நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் எழுபது பக்கம் போல மிச்சம் இருந்தன.

அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வாசிக்கட்டுமா சார்?”

“ம்.”