தளவாய் வீட்டு இரும்புக் கதவு

இலுப்பை நாடு என்று ஒரு நாடு இருந்த காலத்தில், அதைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சு எதுவோ அதுதான் அவருக்குச் சட்டம்.

அந்த வருஷம் குதிரைக் கொள்ளையர்கள் ஊர் ஊராகப் புகுந்து சூறையாடுவதாகச் சேதி வந்தது. சேதி வந்த நேரம், ராஜாவின் காதருகே தளவாய் ரணபத்திரன் உட்கார்ந்திருந்தார். மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே வயிறு எரிகிற ஆசாமி.

“அரசே, கொள்ளையன் கொல்லைப்புறமாகத்தான் வருவான். ஊரில் எல்லாருடைய கொல்லை வாசலையும் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். முன்வாசலுக்கு இரும்புக் கதவு. என் வீட்டில் போட்டாயிற்று. ஓர் ஈ உள்ளே வர முடியாது” என்றார் தளவாய்.

இரும்புக் கதவு அடிக்கும் பட்டறை அவருடைய மைத்துனனுடையது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

“ஈ வெளியே வர முடியுமா, தளவாயாரே?” என்று கேட்டார் அம்பலவாணர்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. “எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிறீர். இதைவிட மேலான வழி உம்மிடம் இருந்தால் இன்றைக்கே காட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைத் தளவாயிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடும். நாளைக்கே எல்லா வீட்டிலும் இரும்புக் கதவு ஏறும்.”

மோதிரம் போனால் போகட்டும், ஊர்ச்சனம் முழுக்க வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளுமே என்று மந்திரிக்குக் கவலை. அதை முகத்தில் காட்டாமல், “ஆபத்து முரசை இப்போதே அடிக்கச் சொல்லுங்கள், அரசே. இரண்டு பேர் வீட்டையும் போய்ப் பார்ப்போம்” என்றார்.

வேடிக்கை என்றால் ராஜாவுக்குச் சர்க்கரைப் பொங்கல். முரசு அதிர்ந்தது. சபையே கிளம்பியது.

தளவாய் வீட்டில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. சாவி தளவாயின் இடுப்பில். கொல்லையில் செங்கல் சுவர். சன்னல் கம்பிக்குள் அவர் மனைவி கோமளவல்லியின் முகம் தெரிந்தது.

“யாருப்பா வெளியே? கொள்ளைக்காரங்களா இருந்தாலும் பரவாயில்ல, கதவை உடைச்சு விடுங்க, புண்ணியமாப் போகும். எங்க வீட்டு மகராசன் சாவியோட போயிட்டாரு.”

தளவாய் பூட்டைத் திறப்பதற்குள் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மந்திரி வீட்டில் இரண்டு வாசலும் திறந்து கிடந்தன. அடுப்பு அணைந்திருந்தது. ஆள் அரவமே இல்லை.

“உம் வீட்டார் எங்கே?”

“கோயில் மண்டபத்தில், அரசே. அடுத்த வீட்டு நெசவாளர் தாண்டவனால் நடக்க முடியாது. அவரையும் கைவண்டியில் ஏற்றிப் போயிருப்பார்கள்.”

“பார்க்காமலே சொல்கிறீரே.”

“யார் அடுப்பை அணைப்பது, யார் அவல் மூட்டையும் தண்ணீரும் எடுப்பது, யார் தாண்டவனைத் தூக்குவது, எங்கே கூடுவது என்று எங்கள் தெரு முழுக்க முன்னாலேயே பேசி வைத்திருக்கிறோம், அரசே.”

மண்டபத்துக்குப் போனால் தெருவே அங்கிருந்தது. தாண்டவன் தூணில் சாய்ந்திருந்தார். மந்திரியின் மனைவி வடிவம்மை எல்லாருக்கும் அவல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முக்காடிட்டு உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். ராணி.

“நீ எப்படி இங்கே?” ராஜா திகைத்துப்போனார்.

“முரசு கேட்டதும் அரண்மனையில் எல்லாரும் உங்கள் உத்தரவு வரட்டும் என்று கைகட்டி நின்றார்கள். இந்த அம்மாள் நம் கொல்லை வாசல் பக்கமாகப் போகும்போது கூப்பிட்டாள், வந்துவிட்டேன். ஆமாம், என்னைத் தேடியா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?”

சபையார் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ராஜா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“இல்லை. உன் நினைப்பே வரவில்லை” என்றார். வெட்கத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது.

கதவு ஆணை அத்தோடு போயிற்று. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டார். வீடு வீடாகப் போய், “முரசு கேட்டால் எங்கே கூடுவீர்கள்?” என்று கேட்டு வரும் வேலை தளவாய்க்குக் கிடைத்தது.

“முதலில் எந்த வீட்டுக்குப் போகட்டும், அரசே?” என்றார் தளவாய், தலையைத் தூக்காமல்.

“கொஞ்சம் பொறும்” என்றார் ராஜா. ராணியின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். “முதல் வீடு என்னுடையது. நாங்கள் இன்னும் பேசவே இல்லை.”