எட்டு மாடி இறங்கிய சபை

ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை லாரிகளில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் இறக்கிவிட்டிருந்தார்கள். யாருக்கு எந்த வீடு என்பது குலுக்கலில் முடிவானது. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

அங்கே ஒரு சபையைத் தொடங்க நவரோஜி வந்தாள். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவள். ஞாயிறுதோறும் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. கடைசியில், தனக்கு ஊழியம் கற்பித்த போதகர் வேதமுத்துவை வரவழைத்தாள்.

"ஐயா, வீடு வீடா கூப்பிட்டுப் பாத்துட்டேன். எங்கேருந்து தொடங்குறதுன்னே தெரியல."

"வர ஆசை இருந்தும் வர முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"எட்டாவது மாடியில பாக்கியத்தாய்னு ஒரு அம்மா. இடுப்பெலும்பு முறிஞ்சவங்க. லிஃப்ட் ஓடல. குடிவந்ததுலேருந்து கீழேயே இறங்கல."

"வா, மேலே போவோம்."

பாக்கியத்தாயை மர நாற்காலியில் உட்காரவைத்து, விழாதபடி சேலையால் கட்டினார்கள். ஒரு பக்கம் போதகர், மறுபக்கம் நவரோஜி. ஆறாவது மாடியிலேயே போதகருக்கு மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டினார்.

"நகருங்க சார், நான் பிடிக்கிறேன்."

அவர் பெயர் எத்திராஜ். அடுத்த மாடியில் இன்னொருவர் வந்தார். அதற்கடுத்த மாடியில் இரண்டு பெண்கள். "பாத்து, பாத்து" என்று குழந்தைகள் முன்னால் ஓடின.

கீழே வந்தபோது பெருங்கூட்டம். பாக்கியத்தாய் மண்ணில் கால் வைத்தாள். பழைய குடிசையில் அடுத்த வீட்டில் இருந்தவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீ உயிரோட இருக்கியாடி!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நவரோஜி போதகரிடம் ஓடினாள். "ஐயா, இவ்வளவு ஜனம்! ஆராதனையைத் தொடங்கிடட்டுமா?"

"இவங்க இறக்க வந்தவங்க. சாயங்காலம் திரும்ப ஏத்தணுமே. அதுக்கு யார் நிக்கிறாங்கன்னு பாரு."

வெயில் தாழ்ந்தபோது எத்திராஜும் வேறு சிலரும் மட்டுமே நின்றார்கள். நவரோஜியின் முகம் வாடியது.

"இவ்வளவு பேர்தானா ஐயா?"

"ஒரு நாற்காலியைத் தூக்க எத்தனை பேரும்மா வேணும்?"

அடுத்த ஞாயிறும் இறக்கினார்கள், ஏற்றினார்கள். இடைப்பட்ட நேரத்தில் ஜெபித்தார்கள், பாடினார்கள், ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்து உண்டார்கள். பிறகு சாரத்திலிருந்து விழுந்து கால் போன பெயின்டர் ஒருவரையும் இறக்கினார்கள். தூக்க வந்தவர்கள் தங்கள் வீட்டாரையும் அழைத்து வந்தார்கள். மழைக்காலத்துக்குள் உட்கார இடம் போதவில்லை.

ஒருநாள் நவரோஜி போதகரைப் பார்க்க ஓடோடி வந்தாள்.

"ஐயா, எங்க பிளாக்ல லிஃப்ட் ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"ஸ்தோத்திரம்."

"சந்தோஷந்தான் ஐயா. ஆனா தூக்கித் தூக்கித்தான் நாங்க ஒண்ணானோம். இனிமே தூக்க வேண்டியவங்க யாருமில்ல. சபை கலைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

போதகர் சிரித்தார்.

"பக்கத்து பிளாக்ல ஓடுதா?"